வெள்ளவத்தைத் தண்டவாளத்த கொம்பியூட்டருக்குள்ள கொண்டுவாறது எப்பிடி

எங்கட வீடு வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இறங்குற ஒரு லேன்ல இருக்கு. காலமை முதல் ரெயின் போறது ஜன்னல் கண்ணாடி அதிர்றதிலயே தெரிஞ்சிடும், அலாரம் தேவையில்ல. ரெயின் சிமுலேட்டர் விளையாடத் தொடங்கின நாளில இருந்தே எனக்கு ஒரே ஒரு ஆசைதான், வேற நாட்டு லைன்ல ஓட்டினது காணும், இந்தக் கரையோர லைன்ல கோட்டையில இருந்து கல்கிசை வரைக்கும் ஒருக்கா நானே ஓட்டிப் பாக்கோணும், பம்பலப்பிட்டி தாண்டேக்க வலப்பக்கம் கடல் தெரியோணும். நான் தேடின நேரம் மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்டும் அம்பிடேல்ல, அதால நானே கட்டத் தொடங்கினன், இப்ப ரெண்டு வருசத்துக்கு மேல ஆகுது. இத எப்பிடிச் செய்யிறது எண்டு என்னட்டக் கேக்குற தம்பிமார் தங்கச்சிமார் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லுறத விட ஒரேயடியா இங்க எழுதிவிடுறன்.

முதல் விசயம், சின்னத் துண்டா எடுங்கோ. நான் விட்ட பெரிய பிழை அதுதான். கோட்டையில இருந்து பதுளை வரைக்கும் கட்டப்போறன் எண்டு வெளிக்கிட்டன், அது 290 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். நாலு மாசம் ராத்திரி ராத்திரியா இருந்தும் ராகமை தாண்டேல்ல, கட்டினதும் அரைகுறை, கடைசியில முழுசா விட்டிட்டன். கோட்டையில இருந்து கல்கிசை ஒரு பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனா அதுக்குள்ள செக்ரடேரியட் ஹோல்ட், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை எண்டு நிப்பாட்டுற இடம் கனக்க இருக்கு, ஓட்டுறவருக்கு சும்மா இருக்க நேரமே வராது. நீளமான லைன விட அடிக்கடி நிப்பாட்டுற சின்ன லைன்தான் விளையாட சுவாரசியம், இத நான் அடிச்சுச் சொல்லுவன். மற்றது, நீங்க ஒரு பஸ் ஏறிப் போய் நேரில பாக்கக்கூடிய இடமா இருக்கோணும், ஏனெண்டா கட்டக் கட்ட சந்தேகம் வந்துகொண்டே இருக்கும், மதில் எந்தப் பக்கம், கருங்கல் கொட்டினது எங்க முடியுது, கேட்டுக்குப் பக்கத்தில இருந்த கடை எது எண்டு. யாழ்ப்பாணத்தில இருக்கிறவர் யாழ்ப்பாணம் – காங்கேசன்துறை துண்ட எடுக்கலாம், மலைநாட்டில இருக்கிறவர் நானுஓயா – பட்டிப்பொல எடுக்கலாம், முழு லைன் வேண்டாம்.

எதில கட்டுறது எண்டு கேட்டா நான் சொல்லுறது ஓப்பன் ரெயில்ஸ் எண்ட ரெயின் சிமுலேட்டர். காசில்ல, பழைய லப்டொப்பிலயும் ஓடும், 2001ல வந்த மைக்ரோசொஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரோட ஃபைல் அமைப்பையே பாவிக்குது, அதால இருபது வருசத்துக்கு மேல உலகம் முழுக்க ஆக்கள் செய்து வைச்ச வீடு, மரம், பெட்டி, எஞ்சின் எல்லாம் அப்பிடியே எடுத்துப் போடலாம். ரூட் கட்டுறதுக்கு டி.எஸ்.ஆர்.ஈ எண்டொரு எடிட்டர் இருக்கு, அதுவும் இலவசம். ட்ரெயின்ஸ் எண்ட கேம் வைச்சிருக்கிறவங்களுக்கு அதுக்குள்ளயே சேர்வேயர் எண்ட எடிட்டர் இருக்கு, பழக லேசு அதுதான், 720 மீற்றர் சதுரப் பலகை பலகையா நிலத்த ஒட்டிக்கொண்டு போகலாம். ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கிலயும் எடிட்டர் உள்ளயே இருக்கு. ட்ரெயின் சிம் வேர்ல்ட் படம் வடிவு, ஆனா அதில புது ரூட் கட்ட நல்ல பலமான மெஷின் வேணும், தொடங்குறவங்களுக்கு நான் சொல்லமாட்டன். கீழ நான் சொல்லுறது ஓப்பன் ரெயில்ஸ வைச்சு, ஆனா யோசிக்கிற முறை எல்லாத்துக்கும் ஒண்டுதான்.

இப்ப நிலம். நாசாவோட எர்த்டேட்டா தளத்தில இலவசமா ஒரு கணக்குத் திறந்தா எஸ்.ஆர்.டி.எம் உயரத் தரவு எடுக்கலாம், கிட்டத்தட்ட 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு ஃபைலும் ஒரு பாகை அகலம் ஒரு பாகை நீளம், பேர் தென்மேற்கு மூலையோட அகலாங்கும் நெட்டாங்கும்தான். கொழும்புக்கு வேண்டியது என்06ஈ079, கோட்டை – கல்கிசை முழுக்க அந்த ஒரு ஃபைலுக்குள்ள அடங்கும். காலி வரைக்கும் போறதெண்டா என்06ஈ080 வேணும், மாத்தறை ஆறு பாகைக்குத் தெற்கால கிடக்கிறதால என்05ஈ080ம் வேணும். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை ரெண்டும் என்09ஈ080. இத எடிட்டருக்கு குடுத்தா 2048 மீற்றர் சதுர டைலா நிலம் எழும்பி வரும்.

ஆனா இந்தத் தரவ கண்ண மூடிக்கொண்டு நம்பாதேங்கோ. இது 2000 பெப்ரவரியில விண்வெளி ஓடத்தில ரேடார் வைச்சு எடுத்தது, ரேடாருக்கு நிலமும் தெரியாது கூரையும் தெரியாது, மேல என்ன இருக்கோ அதத்தான் அளக்கும். அதால வெள்ளவத்தையில மாடி வீடு இருக்கிற இடமெல்லாம் மேடு மாதிரி வரும், தென்னந்தோப்பும் மேடாத்தான் வரும். கரையோர லைன் கடல் மட்டத்துக்கு கொஞ்சம் மேலதான் போகுது, அந்தக் கொஞ்சத்துக்குள்ள இந்தப் பிழை எல்லாம் வந்து விழுந்தா லைன் அலை மாதிரி ஏறி இறங்கும். அதோட 2000ல கோல்ஃபேஸ் பக்கத்தில கடல நிரப்பிக் கட்டின போர்ட் சிட்டி இல்ல, அந்த 269 ஹெக்டயரும் தரவில கடல்தான், இன்றைய கொழும்பு கட்டுறதெண்டா நீங்கதான் கையால நிலத்த உயத்தோணும். நான் என்ன செய்தனான் எண்டா, கடற்கரை ஓரமா ஒரு டைல் அகலத்துக்கு எல்லாத்தையும் முதல்ல மட்டமாக்கிப் போட்டு, பேந்து நேரில பாத்தத வைச்சு மேடு பள்ளம் போட்டன். அதுக்குப் பிறகுதான் எனக்கு லைன் ஒழுங்கா வந்துது.

பென்சில் கொப்பியோட நேரில போற வேலைய மட்டும் தவிர்க்காதேங்கோ. லைனில இறங்கி நடக்கவேண்டாம், அது சட்டப்படி பிழை, அத விட கடல் இரைச்சலில பின்னால வாற ரெயின் கேக்கவே கேக்காது, கனபேர் அப்பிடிப் போயிருக்கினம். லைனுக்குப் பக்கத்தால போற மரின் டிரைவ் ரோட்டில நிண்டே முக்கால்வாசி பாக்கலாம், மிச்சத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்து ரெயின்ல ஏறி இருங்கோ. ஃபோனில ஜி.பி.எஸ் பதியிற அப் ஒண்ட போட்டு விட்டா எந்த இடத்தில எவ்வளவு வேகம், எங்க பிரேக் பிடிக்கத் தொடங்குறார், ஸ்டேசன்ல எத்தினை செக்கன் நிண்டுது எல்லாம் பதிஞ்சுவிடும். உயரத்துக்கு மட்டும் ஃபோன நம்பவேண்டாம், பத்து மீற்றர் கூடக் குறையக் காட்டும். பிளாட்ஃபோம் நீளத்த காலடியால எண்ணுங்கோ, ஒரு காலடி எவ்வளவு எண்டு வீட்டில அளந்து வைச்சிருக்கோணும். கோட்டையில படம் எடுக்கிறதெண்டா ஸ்டேசன் மாஸ்டரிட்ட ஒரு சொல் கேட்டிட்டு எடுங்கோ, மரியாதையாக் கேட்டா எனக்கு ஒருக்காலும் இல்லை எண்டு சொல்லேல்ல.

வளைவு எவ்வளவு எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு எல்லாரும் கண்மட்டத்தில போடுவினம், பேந்து ரெண்டு முனையும் பொருந்தாம அழுவினம். சாட்டலைட் படத்தில வளைவுக்குக் குறுக்கால நேரா ஒரு கோடு போடுங்கோ, உதாரணத்துக்கு 100 மீற்றர். அந்தக் கோட்டோட நடுவில இருந்து தண்டவாளம் எவ்வளவு தள்ளி இருக்கு எண்டு அளவுங்கோ, 2.5 மீற்றர் எண்டு வையுங்கோ. கோட்டு நீளத்த அதாலயே பெருக்கி, தள்ளி இருக்கிற அளவோட எட்டு மடங்கால பிரிச்சா ஆரை வந்திடும், பத்தாயிரத்த இருபதால பிரிக்க 500 மீற்றர். பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஆனா இந்த ஒரு கணக்கு எனக்கு மாசக்கணக்கான வேலைய மிச்சம் பிடிச்சுத் தந்திருக்கு. ரெடிமேட் டிராக் துண்டுகள் இப்பிடி முழு ஆரையிலதான் வரும், கிட்டடியில உள்ளத எடுத்துப் போடலாம்.

டிராக் போடேக்க ஒரு முறை வைச்சிருங்கோ, முதல்ல லைன், அதுக்குப் பிறகு நிலம். நிலத்துக்கு ஏத்த மாதிரி லைன வளைக்கக்கூடாது, லைன ஒழுங்கான சாய்வில போட்டிட்டு நிலத்த அதுக்கு ஏத்த மாதிரி உயத்தித் தாழ்த்தோணும், நிசத்தில எஞ்சினியர்மாரும் அதத்தானே செய்தவை, மேட்ட வெட்டி பள்ளத்த நிரப்பி. கரையோர லைன்ல சாய்வு பெரிசா இல்ல. மலைநாடு எடுக்கிறவங்கதான் கவனிக்கோணும், அங்க 44க்கு 1 வரைக்கும் ஏத்தம் இருக்கு, அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 22.7 மீற்றர் ஏறும், வளைவு ஐஞ்சு செயின் ஆரை வரைக்கும் இறுகும், அது 100 மீற்றர்தான். பட்டிப்பொல ஸ்டேசன் 1,890 மீற்றருக்குக் கிட்ட உயரத்தில இருக்கு, அங்க ஏத்திக் கொண்டுபோற வரைக்கும் சாய்வ இடையில எங்கயாவது கூட்டிப் போட்டீங்க எண்டா எஞ்சின் இழுக்காது, அப்ப எஞ்சின் ஃபைல்ல பிழை தேடிக்கொண்டு இருப்பீங்க. தெமோதரை வளையத்த முதல் ரூட்டிலயே தொடவேண்டாம். லைன் சுத்தி வந்து ஸ்டேசனுக்குக் கீழால சுரங்கத்துக்குள்ள போகுது, ஆனா கேமில நிலம் எண்டது ஒரு புள்ளிக்கு ஒரு உயரம்தான், மேலயும் கீழயும் ரெண்டு லைன் போறதெண்டா நிலத்தில ஓட்டை விட்டு சுரங்க மொடல் வைச்சு மூடோணும். பழகின பிறகு செய்யிற வேலை.

நம்மட தண்டவாளம் அகலப்பாதை, 1676 மில்லிமீற்றர். கேமோட வாற டிராக் 1435 கணக்கில செய்தது. இந்திய ரூட் செய்யிறவங்க அகலப்பாதை டிராக் செய்து வைச்சிருக்கினம், அவையிட அகலமும் எங்கடயும் ஒண்டுதான், அனுமதி இருந்தா அத எடுங்கோ. ரெடிமேட் இரட்டை லைன் துண்டில மையத்துக்கு மையம் 4.985 மீற்றர், நான் அத மாத்தாமலே பாவிச்சன். இங்க ரெயின் இடப்பக்கத்தால ஓடும் எண்டத மறக்கவேண்டாம், கோட்டைக்கு வாறது கடல் பக்க லைன்ல, காலி பக்கம் போறது தரைப் பக்க லைன்ல. இத மாறிப் போட்டா சிக்னல் எல்லாம் மறுபக்கம் பாத்துக்கொண்டு நிக்கும்.

இன்னொண்டு, டிராக்க கண்ணுக்கு முன்னால வைச்சா மட்டும் காணாது, அத டிராக் டேட்டாபேஸில சேக்கோணும், ரெயின் ஓடுறது அந்த டேட்டாபேஸிலதான், நீங்க பாக்குற இரும்பு வெறும் படம். ரெண்டு துண்டுக்கு நடுவில மயிரிழை இடைவெளி இருந்தாலும் லைன் அதில முடிஞ்சு போச்சு எண்டுதான் கேம் நினைக்கும். ஒருக்கா தெஹிவளைப் பக்கம் ஒரு லைன்ல இருந்து மற்ற லைனுக்கு மாறுற கிராஸ் ஓவர் ஒண்டக் கழட்டிப்போட்டு திரும்பப் பூட்டேக்க எனக்கு அந்த டேட்டாபேஸ் முழுசாக் குழம்பிப் போச்சு, கொப்பி வைச்சிருக்கேல்ல, மூண்டு கிழமை வேலை போனது. அண்டைக்கு ராத்திரி நித்திரை கொள்ளேல்ல. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எடிட்டர மூடின உடன ரூட் போல்டர திகதி போட்டு இன்னொரு டிரைவில கொப்பி பண்ணிப் போட்டுத்தான் எழும்புவன். நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ.

சிக்னல் கொழும்பைச் சுத்தி கலர் லைட், அதால சுகம். மலைநாட்டில தப்லட் முறை, தப்லட் எண்டா அனுமதிக்கு அடையாளமா டிரைவருக்குக் குடுக்கிற உலோக வில்லை, ஒத்தை லைன்ல அது கையில இல்லாம டிரைவர் அடுத்த ஸ்டேசனுக்குப் போகேலாது, கேமில அத அப்பிடியே கொண்டுவாறது கஷ்டம், ஸ்டேசன்ல நிப்பாட்டி வைச்சு செய்தி ஒண்டு காட்டித்தான் சமாளிக்கலாம்.

காட்சிக்கு வருவம். எல்லாத்தையும் வைக்க வெளிக்கிட்டா முடியாது, டிரைவர் இருக்கையில இருந்து என்ன தெரியுமோ அது மட்டும் காணும். கரையோரத்தில கடல் பக்கம் கருங்கல், தாழம்பத்தை, துருப்பிடிச்ச கம்பி, உப்புக்காத்தில வெளிறின சுவர். தரைப் பக்கம் மரின் டிரைவ், அதுக்குப் பின்னால மாடி வீடுகள், அதுகளுக்கு முன்பக்கம் மட்டும் இருந்தாப் போதும், பின்பக்கம் தேவையில்ல. வெள்ளவத்தைக் கால்வாய் கடல்ல விழுற இடத்தில பாலம் வைக்க மறக்கவேண்டாம், அதில போகேக்க சத்தம் மாறும், அந்தச் சத்தத்துக்காகவே நான் ரெண்டு நாள் மினக்கெட்டன். கொம்பனித்தெரு பக்கம் பேரை வாவி தெரியோணும். காகத்தையும் மறக்காதேங்கோ.

ஸ்டேசன் பேர்ப்பலகை பற்றி கொஞ்சம் கூடச் சொல்லோணும், ஏனெண்டா எனக்கு இது மனசுக்குக் கிட்டின விசயம். எங்கட பலகையில சிங்களம், தமிழ், இங்கிலிஸ் மூண்டும் இருக்கும். ஆக்கள் செய்து போடுற பலகையில தமிழ் மட்டும் உடைஞ்சு கிடக்கிறத நான் எத்தினையோ தரம் பாத்திருக்கிறன், கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், கொள்ளுப்பிட்டி எண்டதில மூண்டு இடத்தில பிழை இருக்கும். படம் கீறுற சில ப்ரோகிராம் தமிழ் எழுத்த ஒழுங்காச் சேக்காது, அதுதான் காரணம். எழுதினத ஒருக்கா பெரிசாக்கி ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுப் பாருங்கோ, உடையுதெண்டா வேற ப்ரோகிராமில எழுதி படமா எடுத்து ஒட்டுங்கோ. அதோட நேரில பலகையப் படம் எடுத்து அதில உள்ள எழுத்து வடிவத்தையே பாத்துச் செய்தா இன்னும் நல்லம். படத்தோட அளவு 512க்கு 512 எண்டு வைச்சா பிரச்சினை வராது, ஓப்பன் ரெயில்ஸ் டி.டி.எஸ் எண்ட வகைப் பட ஃபைலையும் எடுக்கும்.

ரூட் முடிஞ்சுது எண்டு நினைச்சா அது வெறும் மேடைதான், இனித்தான் நாடகம். சினாரியோ எண்டா ஒரு ரெயின், ஒரு நேரம், ஒரு இக்கட்டு. நான் முதல்ல செய்தது காலமை ஒஃபிஸ் ரெயின், கல்கிசையில இருந்து கோட்டைக்கு. அதில இக்கட்டு பெரிசா ஒண்டும் தேவையில்ல, சனம்தான் இக்கட்டு. ஓப்பன் ரெயில்ஸில ஒவ்வொரு பிளாட்ஃபோமுக்கும் எத்தினை பேர் நிக்கினம், குறைஞ்சது எவ்வளவு நேரம் நிப்பாட்டோணும் எண்டு குடுக்கலாம், வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் கூடக் குடுங்கோ, செக்ரடேரியட்டுக்குக் குறைச்சுக் குடுங்கோ, ஒவ்வொரு ஸ்டேசன்லயும் அரை நிமிசம் பிந்திப் பிந்தி ஓட்டுறவர் அத எங்க பிடிக்கிறது எண்டு தவிப்பார். தென்மேல் பருவக்காத்து மாசத்தில வைச்சு மழையப் போட்டா சில்லு வழுக்கும், கொள்ளுப்பிட்டிக்கு வழமைய விட முந்தியே பிரேக் பிடிக்கோணும். எஞ்சின் எம்2 எண்டா என்ட விருப்பம், கொழும்புத் திட்டம் எண்ட வெளிநாட்டு உதவித் திட்டத்தில கனடா குடுத்தது, முதல் எஞ்சின் 1954ல வந்தது. அதுக்குப் பின்னால வக்குவம் பிரேக் பெட்டி கொழுவினா எயார் பிரேக் பழகின ஆக்களுக்கு முதல் தரம் ஸ்டேசன் தாண்டித்தான் நிக்கும், ஏனெண்டா அது பிடிக்கவும் விடவும் நேரம் எடுக்கும். ஓப்பன் ரெயில்ஸில வக்குவம் இருக்கு, பெட்டியோட ஃபைல்ல அது எழுதியிருக்கா எண்டு பாருங்கோ.

மற்ற ரெயினுகளும் ஓடோணும் எண்டா டைம்டேபிள் முறைதான் நல்லம். எக்செல் மாதிரி ஒரு தாளில எழுதுறது. மேல முதல் வரிசையில ரெயின் பேர், இடப்பக்கம் முதல் நிரலில ஸ்டேசன் பேர், நடுவில நேரம். அதோட பாத், கொன்சிஸ்ட், ஸ்டார்ட், டிஸ்போஸ் எண்ட சொல்லுகள இங்கிலிசில முன்னால ஹாஷ் அடையாளம் போட்டு அதே நிரலில எழுதி, எந்த வழி, எந்தப் பெட்டித்தொடர், எத்தினை மணிக்குத் தொடக்கம், முடிஞ்ச பிறகு என்ன ஆகுது எண்டு குடுக்கோணும். வழிகள ஓப்பன் ரெயில்ஸோட வாற டிராக் வியூவரில கீறலாம். தாளில உள்ள ஸ்டேசன் பேரும் ரூட்டில பிளாட்ஃபோமுக்குக் குடுத்த பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்டா இருக்கோணும், ஒரு எழுத்து மாறினாலும் அந்த ரெயின் அங்க நிக்காமப் போயிடும், பிழை எங்க எண்டு தெரியாம ஒரு கிழமை தேடியிருக்கிறன். டிஸ்போஸ் வரிசையில டொலர் அடையாளத்தோட ஃபோர்ம்ஸ் எண்டு போட்டு இன்னொரு ரெயினோட பேரக் குடுத்தா, கல்கிசைக்கு வந்த ரெயினே திரும்பி கோட்டைக்குப் போற ரெயினா மாறும், நிசத்தில நடக்கிறதும் அப்பிடித்தானே. நேரங்கள ஸ்டேசன்ல ஒட்டியிருக்கிற நேரசூசியப் பாத்துப் போடுங்கோ, கற்பனையில போட்டா ரெண்டு ரெயின் ஒரே பிளாட்ஃபோமில முட்டிக்கொண்டு நிக்கும்.

முதல் சினாரியோவில மூண்டு ரெயினுக்கு மேல வேண்டாம். உங்கட ரெயின், எதிர்ப்பக்கம் வாற ஒண்டு, பின்னால ஒரு எக்ஸ்பிரஸ். அந்த எக்ஸ்பிரஸ் பின்னால வருது எண்டு ஓட்டுறவருக்குத் தெரிஞ்சா காணும், தெஹிவளையில சனம் ஏறி முடியாம நிக்கேக்க அவருக்கு வியர்க்கும். இதெல்லாம் வேலை செய்யுதா எண்டு பாக்க டிஸ்பாச்சர் விண்டோவத் திறந்து வைச்சு எல்லா ரெயினையும் மேல இருந்து பாருங்கோ, எந்த சிக்னல்ல எது காத்து நிக்குது எண்டு விளங்கும். பேந்து நீங்களே முழுசா ஓட்டுங்கோ, ஒருக்கா சரியா, ஒருக்கா வேணுமெண்டே அஞ்சு நிமிசம் பிந்தி. பிந்தினாலும் மற்ற ரெயினுகள் இறுகி நிக்காம ஓடினா அது நல்ல சினாரியோ.

மற்ற ஆக்களுக்குக் குடுக்க முதல் ஒரு வேலை இருக்கு. அடுத்தவர் செய்த மொடல் ஏதும் போட்டிருந்தா அவரிட்ட கேளுங்கோ, அனுமதி தராட்டி அத எடுத்திட்டு எங்க டவுன்லோட் பண்ணுறது எண்டு மட்டும் எழுதுங்கோ. பிறகு ரூட்ட ஸிப் பண்ணி இந்த கேமே இல்லாத ஒரு சிநேகிதரோட கொம்பியூட்டரில புதுசாப் போட்டு ஓட்டிப் பாருங்கோ, உங்கட மெஷினில எல்லா ஃபைலும் ஏற்கனவே இருக்கிறதால எது விடுபட்டது எண்டு உங்களுக்குத் தெரியவராது. ஓடி முடிய டெஸ்க்டொப்பில ஓப்பன் ரெயில்ஸ் லொக் எண்டு ஒரு ஃபைல் விழும், காணாமப் போன படம், மொடல் எல்லாம் அதில பேரோட இருக்கும், அதுகளத் தேடி எடுத்துப் போட்டு திரும்ப ஸிப் பண்ணி அனுப்புங்கோ.